ஆப்போ தீவில் ஆமைகளைக் காண: ஸ்கூபா டைவிங்குக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலாமைகளைத் தண்ணீருக்குள் பார்க்க வேண்டும், அதற்காகவே டைவிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் பிலிப்பைன்ஸ் நாட்டின் ஆப்போ தீவு. நீக்ரோஸ் என்ற பெரிய தீவின் தென்கிழக்குக் கரைக்கு எதிரே, படகில் அரைமணி முதல் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். எரிமலையால் உண்டான தீவு. பரப்பளவு நூறு ஹெக்டேருக்கும் குறைவு. மீனவர் குடியிருப்புக்கு எதிரே கழுத்தளவுத் தண்ணீரிலேயே பேராமைகள் (பச்சைக் கடலாமைகள்) பாசி மேய்ந்துகொண்டிருக்கும்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். மிண்டோரோ தீவுக்கு அருகில் ‘ஆப்போ ரீஃப்’ என்ற பவளத்திட்டு இருக்கிறது. மிண்டனாவோவில் ஆப்போ என்ற பெயரில் ஒரு மலையும் இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுதொலைவு. முன்பதிவு செய்யும்போது ‘நீக்ரோஸ் ஓரியண்டல்’ என்ற மாகாணப் பெயரும் ‘டாவின்’ என்ற ஊர்ப் பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இனி நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே திறமையைச் சுற்றித்தான் வரும்: தண்ணீருக்குள் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், ஒரே உயரத்தில் அமைதியாக நிற்பது. உங்கள் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. பவளம் உடையாமல் இருப்பதும், ஆமை உங்களைக் கண்டு ஓடாமல் இருப்பதும் அதனால்தான்.

தீவு எப்படிப் பிழைத்தது

1970களில் இந்தத் தீவின் மீன்வளம் தேய்ந்துகொண்டே வந்தது. வெடி வைத்துப் பிடிப்பதும், சயனைடு விட்டு மீனை மயக்குவதும், பவளத்தைத் தட்டி மீனை வலைக்குள் விரட்டுவதும் அந்தக் கடல்பகுதியில் நடந்தன. நீக்ரோஸ் தீவிலுள்ள டூமகெட்டே நகரத்தின் சில்லிமன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உயிரியலாளர் ஏஞ்சல் அல்கலா, 1974இல் அருகிலுள்ள சுமிலோன் தீவில் மீன்பிடி தடைசெய்யப்பட்ட சரணாலயம் ஒன்றை அமைக்க முன்னின்றவர். அந்த அனுபவத்தோடு ஆப்போ மீனவர்களிடம் பேசினார். 1982இல் தீவு மக்கள், தங்கள் பவளத்திட்டின் ஒரு பகுதியில், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கில், இனி யாரும் மீன் பிடிப்பதில்லை என்று தாங்களே முடிவெடுத்தார்கள். காவலும் அவர்களே பார்த்தார்கள். சில ஆண்டுகளில் உள்ளே பெருகிய மீன்கள் வெளியே வரத் தொடங்க, வலைகளிலும் தூண்டில்களிலும் அது தெரிந்தது. 1994இல் அரசு தீவு முழுவதையும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது.

கரையில் இறங்கியதும் உங்களிடம் கட்டணம் கேட்பார்கள். டைவ் செய்பவர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. முகம் சுளிக்காமல் கொடுங்கள். ஒரு மீனவ ஊர் தன் கடலின் ஒரு பகுதியைத் தானே பூட்டி வைத்து வளர்த்த வளத்தைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். 2011 டிசம்பரிலும் 2012 டிசம்பரிலும் வந்த புயல்கள் சரணாலயப் பகுதியின் பவளங்களை மிகவும் சிதைத்துவிட்டன. ஏதாவது ஒரு பகுதிக்குள் போகக் கூடாது என்று வழிகாட்டி சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள், வாதாட வேண்டாம்.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

முதலில் நீச்சல். ‘நீச்சல் தெரியாதவர்களும் டைவ் செய்யலாம்’ என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு அழைத்துப் போகும் ஒருமுறை அனுபவத்துக்கு அது பொருந்தும். சான்றிதழ் தரும் ‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சிக்குப் பொருந்தாது. அதற்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் முக்கியமில்லை, பதற்றமில்லாமல் முடித்தால் போதும். ஊரில் உள்ள நீச்சல் குளத்தில் இரண்டு மூன்று மாதம் பழகிவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீரில் பயம் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

அடுத்து உடல்நலப் படிவம். எல்லா டைவிங் பள்ளிகளும் ஒரு கேள்விப் பட்டியல் தருவார்கள்: ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, நீரிழிவு, கர்ப்பம் என்று வரிசையாகக் கேட்கும். பலர் அங்கே போய்த்தான் இதை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். ‘ஆம்’ என்று பதில் எழுத வேண்டியிருந்தால் மருத்துவர் கையெழுத்து தேவைப்படலாம், அதற்காக அந்நிய ஊரில் அலைய வேண்டிவரும். பள்ளிக்கு எழுதிப் படிவத்தை முன்கூட்டியே வாங்கி, உங்களைத் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள். பயணம் கெட்டுவிடுமே என்று ‘இல்லை’ என எழுதிவிடாதீர்கள். நிலத்தில் லேசாக வந்து போகும் மூச்சிரைப்பு, ஆழத்திலிருந்து மேலேறும்போது நுரையீரலையே கிழித்துவிடக்கூடும்.

மூன்றாவது காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் டைவிங் சேராது. பாலிசியில் ஸ்கூபா என்ற சொல் இருக்கிறதா, எத்தனை மீட்டர் ஆழம் வரை என்று பார்த்து வாங்குங்கள்.

கண்ணாடி அணிபவர்கள் பவர் உள்ள மாஸ்க் கிடைக்குமா என்று கேட்டுவையுங்கள். மீசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: மாஸ்கின் சிலிக்கோன் விளிம்பு மூக்குக்குக் கீழே தோலில் படிய வேண்டும், அங்கே முடி இருந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே வரும். மூக்கை ஒட்டி ஒரு மெல்லிய கீற்று அளவுக்கு மழித்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எங்கே கற்பது

நேராக ஆப்போவில் கற்க வேண்டாம் என்பது என் கருத்து. எதிர்க்கரையில் உள்ள டாவினில் கற்றுக்கொண்டு, கடைசியில் ஆப்போவுக்குப் போவதுதான் சரியான வரிசை. டாவின் கடற்கரை கறுப்பு எரிமலை மணல். மெல்லச் சரிந்து ஆழமாகும் மணல்தரை என்பதால் கற்பவர் தடுமாறி விழுந்தாலும் உடைய அங்கே பவளம் அதிகம் இல்லை. அதே மணலில் கடற்குதிரைகளும், கல்லைப்போல உட்கார்ந்திருக்கும் தவளைமீன்களும் இருப்பதால், பயிற்சி நேரத்திலும் கண்ணுக்கு வேலை உண்டு.

டூமகெட்டேக்கு மணிலாவிலிருந்து விமானம் இருக்கிறது. செபு வழியாக வருபவர்கள் பஸ்ஸில் அந்தத் தீவின் தென்முனைக்குப் போய், சிறிய படகுச் சேவையில் டூமகெட்டேக்கு அருகிலுள்ள சிபுலானுக்குக் கடக்கலாம். டூமகெட்டேயிலிருந்து டாவின் அரைமணி நேரச் சாலைப் பயணம். ஆப்போவுக்குப் படகு ஏறும் மலதாபாய் அதைத் தாண்டி இருக்கிறது. புதன்கிழமை அங்கே பெரிய சந்தை கூடும். மார்ச் முதல் மே வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடக்கும் வழி கொந்தளிக்கும், சில நாள் படகே போகாது. அதனால் கையில் ஓரிரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். நான்கு பேருக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள். படகில் அவசரத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறதா, பயிற்சியாளருக்கு உங்களுக்குப் புரியும் ஆங்கிலம் வருமா என்றும் கேளுங்கள். ஓப்பன் வாட்டர் பயிற்சி மூன்று முதல் நான்கு நாள் எடுக்கும். பாடம், ஆழமில்லாத நீரில் பழக்கம், கடலில் நான்கு டைவ். முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம். பத்து வயது நிறைந்த பிள்ளைகளும் சேரலாம்.

கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்? அப்போது டைவிங் வேண்டாம், மூச்சுக்குழாயோடு மேற்பரப்பில் மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கல் போதும். ஆப்போவில் ஆமைகள் மேய்வது ஆழமில்லாத இடத்தில்தான். முதல்முறை சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்குபவருடைய கவனம் முழுவதும் மூச்சிலும் காதிலும் போய்விடும். லைஃப் ஜாக்கெட்டோடு ஊர் வழிகாட்டி ஒருவருடன் மிதப்பவர், அதே நேரத்தில் ஆமையை நிம்மதியாகப் பார்த்துவிடுவார்.

உடல் கற்க வேண்டிய மூன்று

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலரும் நினைக்கிறார்கள். நாம் இப்போது சுவாசிக்கும் அதே காற்றை வடிகட்டி, சுமார் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு) அடைத்திருக்கிறார்கள். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் ஒன்று, பத்து மீட்டரில் இரண்டு, இருபதில் மூன்று. கற்க வேண்டிய எல்லாம் இந்தக் கணக்கிலிருந்தே வருகின்றன.

காது: இறங்கும்போது வெளி அழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் உள்ளேயும் வெளியேயும் சமமாகும். வலி வந்த பிறகு செய்வது தவறு. தலை தண்ணீருக்குள் போனதுமே தொடங்கி, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் செய்துகொண்டே இறங்க வேண்டும். திறக்கவில்லையா, ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். பலமாக ஊதாதீர்கள். முதல் பத்து மீட்டரில்தான் மாற்றம் மிக அதிகம், அதனால் அங்கே எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். சளி பிடித்திருந்தால் அன்று டைவ் கிடையாது. மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவதும் வேண்டாம். பாதியில் மாத்திரையின் வீரியம் போய்விட்டால் மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

மூச்சு: ஒருபோதும் அடக்கக் கூடாது. பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்கு இடம் கேட்கும். வெளியேற வழியில்லாவிட்டால் நுரையீரல் கிழியும். நீளமாக இழுத்து, அதைவிட நீளமாக விடுங்கள். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து கழன்றிருக்கும் நேரத்திலும் சிறு குமிழிகளாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள், சலித்துக்கொள்ளாதீர்கள். மாஸ்கைக் கழற்றி மறுபடி மாட்டித் தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சிதான் பெரும்பாலானவர்களைப் பயமுறுத்துகிறது. முகத்தில் தண்ணீர் பட்டதும் மூக்கால் இழுக்கத் தோன்றும். அந்த நொடியில் கண்ணை மூடி, வாயால் இரண்டு முறை முழுமையாக மூச்சு விட்டுவிட்டு, அதன் பிறகே மாஸ்கைத் தொடுங்கள். அவசரம் குறைந்துவிடும்.

மிதப்பு: இங்கேதான் புதியவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டும், ஆனால் பள்ளிகள் குறைவாக நேரம் தருகின்றன. முதலில், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் எடையைச் சரிசெய்யுங்கள். பி.சி.டி. எனப்படும் காற்றுச் சட்டையில் காற்றே இல்லாமல், சாதாரணமாக மூச்சிழுத்து நிறுத்தினால் தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். (மூச்சை அடக்கக் கூடாது என்ற விதி ஆழத்துக்கு, மேற்பரப்பில் செய்யும் இந்தச் சோதனையில் ஆபத்தில்லை.) அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக இரண்டு கிலோ வரை இலேசாகும் என்பதால், டைவின் முடிவில் மேலே தூக்காத அளவுக்குச் சற்றே கூட்டிக்கொள்ளுங்கள். பயிற்சியாளர்கள் சிலர், மாணவர் சீக்கிரம் மூழ்கட்டும் என்று தேவைக்கு அதிகமாக எடை கட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் அதை ஈடுகட்டச் சட்டையில் அதிகக் காற்று ஏற்ற வேண்டிவரும். கொஞ்சம் மேலேறினாலும் அந்தக் காற்று விரிந்து உங்களை மேலும் தூக்கும். எனவே இரண்டு கிலோவைக் குறைத்துப் பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள்.

பிறகு டாவின் மணலில் ஆறு மீட்டர் ஆழத்தில் இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். குப்புறப் படுத்து, காலில் மாட்டிய துடுப்பின் நுனி மட்டும் மணலில் படும்படி இருங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். சட்டையில் ஒரு விரல் அழுத்தம் அளவு காற்று ஏற்றிவிட்டு மூச்சை இழுங்கள். ஒன்றும் நடக்காது. ஓரிரு நொடி கழித்து மார்பு தானாக எழும்பும். மூச்சை விடுங்கள், மறுபடியும் ஓரிரு நொடி தாமதித்து இறங்கும். அந்தத் தாமதத்தை உடல் புரிந்துகொண்டால் வேலை முடிந்தது. புரியாதவர்கள் ‘ஏறவில்லையே’ என்று இன்னும் காற்று ஏற்றி, பந்தைப்போல மேலே போய்விடுகிறார்கள். கைகளை வீசி நீந்துவதை அறவே விடுங்கள். தவளை உதைப்பதுபோல் கால்களைப் பக்கவாட்டில் மடக்கி உதைத்தால் மணல் கிளம்பாது, பவளத்திலும் படாது. ஒரு நாள் முழுவதும் இதற்கே போனாலும் அது வீணான நாள் அல்ல.

ஆப்போவில் முதல் டைவ்

மலதாபாயிலிருந்தோ டாவின் கரையிலிருந்தோ, இருபுறமும் மூங்கில் மிதவை கட்டிய பங்கா படகில் போவீர்கள். படகில் ஏறும் முன்பே சிலிண்டரைத் திறந்து, அழுத்தமானியைப் பார்த்தபடி ரெகுலேட்டரில் நான்கு முறை மூச்சு விடுங்கள். முள் ஆடினால் வால்வு முழுவதும் திறக்கவில்லை என்று பொருள். உங்களோடு ஜோடியாக இறங்கும் இணையாளரின் உபகரணங்களையும் நீங்கள் சோதிக்க வேண்டும், உங்களுடையதை அவர் சோதிக்க வேண்டும். வழிகாட்டி பெரிய அனுபவசாலியாக இருந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

புதியவர்களுக்கு ஏற்ற இடம் ஊரை ஒட்டிய ‘சாப்பல்’. கோகனட், கோகோன் ஆகிய இடங்களில் நீரோட்டம் பலமாக இருக்கும். பாரை மீன் கூட்டத்தைப் பார்க்க அனுபவசாலிகள் அங்கே போவார்கள். குழுவில் எல்லோரும் போகிறார்களே என்று நீங்களும் இறங்க வேண்டாம். ‘எனக்கு இது நான்கைந்தாவது டைவ்’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நல்ல வழிகாட்டி அதைக் கேட்டு இடத்தை மாற்றுவார். மாற்றாதவரோடு இறங்கக் கூடாது. தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (உடலை ஒட்டிய ரப்பர் உடை) போதும். அது வெயிலையும் தடுப்பதால், முகத்தைத் தவிர வேறெங்கும் சன்ஸ்கிரீன் பூச வேண்டியதில்லை. கடலில் கரைவது அந்த அளவு குறையும்.

தண்ணீருக்குள் எல்லாம் உள்ளதைவிடப் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும். ஆமை இரண்டு மீட்டரில் இருப்பதாகத் தோன்றினால் அது அதைவிடச் சற்றே தள்ளித்தான் இருக்கும். அப்படித் தோன்றினாலும் நெருங்காதீர்கள். மூன்று மீட்டராவது விட்டு நில்லுங்கள்.

ஆமை அருகில்

இங்கே அதிகம் காண்பது பேராமை. வட்டமான முகமும் மழுங்கிய அலகும் உடையது. வளர்ந்தது பாசியும் கடற்புல்லும் தின்னும். ஓட்டின் நீளம் ஒரு மீட்டர் வரை இருக்கும். அழுங்காமையும் தென்படலாம். அதன் அலகு பருந்தின் அலகைப்போலக் கூராக வளைந்திருக்கும், ஓட்டுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பின்விளிம்பு ரம்பம்போல் இருக்கும். கடற்பஞ்சு தின்பதால் பவள இடுக்குகளில் முகத்தை நுழைத்தபடி இருக்கும். சந்தேகம் இருந்தால் இரு கண்களுக்கு நடுவே பாருங்கள்: பேராமைக்கு அங்கே ஒரு ஜோடிச் செதில், அழுங்காமைக்கு இரண்டு ஜோடி.

மேயும் பேராமையைப் பக்கவாட்டிலிருந்து, அதன் மட்டத்துக்கே வந்து பாருங்கள். முன்துடுப்பு ஒன்றைப் பாறையில் ஊன்றிக்கொள்ளும். கழுத்தை முன்னே நீட்டிப் பாசியைக் கடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்துப் பிய்க்கும். சின்ன மீன்கள் சிதறும் துணுக்குகளுக்காக வாயருகே காத்திருக்கும். சிறிது நேரம் கழித்து மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தும். முன்துடுப்புகள் இரண்டு வீச்சு வீசினால் உடல் சாய்வாக மேலேறும். நீர்மட்டத்தைத் தலை உடைத்து, ஒரே மூச்சாகக் காற்றை விட்டு இழுத்துவிட்டு, பெரும்பாலும் விட்ட இடத்துக்கே திரும்ப வரும்.

அந்த மேலேறும் வழியை எக்காரணம் கொண்டும் மறிக்காதீர்கள். ஆமைக்கும் நம்மைப்போல நுரையீரல்தான். மூச்சுக்காக ஏறும் நேரத்தில் தலைக்கு மேலே மனிதர் இருந்தால் அது வேறு வழி தேட வேண்டிவரும். ஓய்வெடுக்கும்போது மணிக்கணக்கில் ஒரே மூச்சில் இருக்கக்கூடிய பிராணி, விரட்டப்பட்டால் சில நிமிடங்களிலேயே காற்றுக்குத் தவிக்கும். பின்னாலிருந்து துரத்துவதும் மேலிருந்து இறங்குவதும் அதற்குச் சுறாவின் வருகையைப்போலத்தான். மேய்வதை நிறுத்தி உங்களைப் பார்த்தாலோ, துடுப்பை வெடுக்கென்று இழுத்தாலோ, பின்வாங்குங்கள். தொட வேண்டாம். ஃபிளாஷ் வேண்டாம். ஏற்கெனவே நான்கைந்து பேர் சூழ்ந்திருந்தால் வேறு ஆமையைப் பாருங்கள், இங்கே பஞ்சமில்லை. 2001ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இவற்றைத் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் விருந்தாளி நடந்துகொள்ளும் முறை இதுதான்.

மிதப்பைக் கற்றவர்களுக்குக் கிடைக்கும் பலன் இந்த இடத்தில் தெரியும். கை கால் உதறாமல், குமிழிகளை மெல்ல விட்டபடி நிற்பவர் பக்கத்தில் ஆமை தானாகவே மேய்ந்துகொண்டு நகர்ந்து வரும். மூன்று மீட்டர் விதியை அது மீறினால் அதற்கு உரிமை உண்டு. நீங்கள் அசையாமல் இருங்கள்.

மேலே வருவதும் அதற்குப் பிறகும்

அழுத்தமானியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாருங்கள். 100 பாரில் வழிகாட்டிக்குச் சைகை, 50 பார் மிச்சத்தோடு படகில் இருக்க வேண்டும். ஆமையைப் பார்க்கும் ஆர்வத்தில் மறந்துபோவது சகஜம் என்பதால், இணையாளரின் அளவையும் அடிக்கடி கேளுங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். மணிக்கட்டில் இருக்கும் டைவ் கம்ப்யூட்டர் வேகம் கூடினால் ஒலிக்கும். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற அந்த நேரம் வேண்டும். கற்ற மிதப்பு இங்கேயும் தேவை: கயிறு இல்லாமல் ஐந்து மீட்டரில் நிற்பது, சிலிண்டர் இலேசாகிவிட்ட நிலையில், எளிதல்ல.

கரையேறிய பின் மூட்டுவலி, மரத்துப்போதல், தோலில் திட்டுகள், காரணமில்லாத களைப்பு எது வந்தாலும் ‘படகில் இடித்திருக்கும்’ என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். உடனே பயிற்சியாளரிடம் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள்.

பல டைவ்கள் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. விமானத்தைப்போலவே மலையும் ஆகாது: டாவினுக்குப் பின்னால் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்துக்கு எழும் டலினிஸ் மலைக்கு அன்று போகாதீர்கள். அந்த ஒரு நாளை டூமகெட்டேயில் கழியுங்கள். 1901இல் தொடங்கிய சில்லிமன் பல்கலைக்கழக வளாகத்தின் பழைய மரங்களுக்கிடையே நடக்கலாம், மாலையில் கடற்கரைச் சாலையில் உட்காரலாம். டைவ் குறிப்பேட்டில் எத்தனை கிலோ எடை கட்டினீர்கள், எந்த வெட்சூட், எந்த சிலிண்டர் என்று எழுதிவைத்துவிடுங்கள். அடுத்த முறை வேறு கடலில் இறங்கும்போது பயிற்சியாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.